‘செல்ல வேண்டாம்’ என்பது இரண்டு சொல்

தேனு, கதிர், இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன்.

போன மாதம் தேனு ஆபீசிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள். "அப்பா, நீங்களும் அந்தக் காலத்துல ஃபீட்ல விளம்பரம் வெச்சீங்கதானே? செய்திக்கு மேல வெக்கறதா, கீழ வெக்கறதா, நடுவுல சொருகறதான்னு எங்க டீம்ல ரெண்டு வாரமா சண்டை. நீங்க எங்க வெச்சீங்க?"

"கீழ" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விட்டேன். நான் பேச விரும்பவில்லை என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள். விரும்பாமல் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருப்பதைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொல்ல முடியாது. எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நான் பத்தாவதோடு நின்றவன். தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது முடித்ததும் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன். தொண்ணூறுகள் முழுக்கச் செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை. முதலில் எழுத்துக் கோத்தேன், பிறகு கம்ப்யூட்டரில் அடித்தேன். இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒருநாள் வரதன் சார் வந்து, "தமிழ்ல வேகமா, தப்பில்லாம அடிக்கிற ஆள் வேணும்" என்று அச்சக முதலாளியிடமே கேட்டு, அவர் சம்மதத்தோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

வரதன் சார் சென்னையில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் நாலு மேஜை போட்டு, நம்ம பக்கத்துச் செய்திகளுக்காக ஒரு வெப்சைட் நடத்தினார். ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என்னைவிட இரண்டு வயது பெரியவர். கடைசி வரை என்னை 'நீங்க' என்றுதான் சொன்னார். ஒன்று வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். எதையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதித்தான் யோசிப்பார். ஒரு வேலையை ஏன் செய்கிறோம் என்று ஒரே வரியில் சொல்ல முடியாவிட்டால் அதைச் செய்யக் கூடாது என்பது அவர் கட்சி.

ஃபீட் என்றால் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அவர் சொன்ன விதத்தை எழுதுகிறேன். "மணி, நம்ம சைட் ஒரு கடை. ஆளுங்க கடைக்கு வந்து வாங்கறாங்க. ஃபீட்ங்கறது வீட்டுக்கு வீடு பைப் போட்டு விடற மாதிரி. நாம இங்க ஒரு செய்தி போட்டா, பைப் எடுத்திருக்கிற எல்லா சைட்லயும், எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அது தானா போய் விழும்." பைப் எடுத்தவர்கள் நிறையப் பேர். மகாபலிபுரத்தில் ஓட்டல் வைத்திருந்தவர்களின் சைட்டுகள், அணுசக்தித் துறைக்காரர்களின் அணுபுரம் குவார்ட்டர்சில் இருந்த சில சார்கள், வெளிநாட்டில் இருந்த நம்ம ஊர்ப் பிள்ளைகள். சுனாமிக்குப் பிறகு கரையோர ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தது, அந்த ஊர்க் கூடங்களும் எடுத்தன.

எங்கள் ஃபீடில் அதிகம் படிக்கப்பட்டது கடல் செய்தி. அது என் பொறுப்பு. மூன்றரை மணிக்கு வானிலை ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஃபேக்ஸ் வரும். அதைத் தமிழில் எழுதுவேன். எழுதியதை வாய்விட்டு ஒரு முறை படிப்பேன். வரதன் சார் பார்த்து ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். பிறகு அடித்து, நாலரை மணிக்கு ஃபீடில் விடுவேன். ஐந்து மணிக்குக் கடப்பாக்கம் கூடத்தில் சரோஜா அதைத் திறந்து மைக்கில் படிப்பாள். கூடத்தின் மேல் இருந்த குழாய் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும்.

சரோஜா மகளிர் குழுவில் இருந்தவள். எட்டாவது படித்திருந்தாள். அந்த ஊரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள முன்வந்த முதல் ஆள். கம்ப்யூட்டர் வைத்த வாரம் நான் போய் அவளுக்கு ஃபீடைத் திறக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதிலிருந்து வாரம் ஒரு தரம் போன் செய்வாள். "இன்னாண்ணா, நேத்து 'மிதமான காத்து'ன்னு போட்டுக்கீறியே, மிதம்னா எவ்ளோ? எங்கூட்டுக்காரு கேக்குறாரு. அவரு சொல்றதெல்லாம் ரெண்டு காத்துதான். வலை போடலாங்குற காத்து, வலை போட முடியாத காத்து." அவள் சொல்லிச் சொல்லித்தான் நான் அந்தச் செய்தியை மாற்றி எழுதக் கற்றேன். காற்றின் வேகத்தை முதலில் போடாமல், போகலாமா கூடாதா என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டு, காரணத்தைப் பிறகு எழுதினேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

இனி விளம்பரம். எங்கள் கம்பெனி பிழைத்தது விளம்பரத்தில். சைட்டுக்கு வருபவர்கள் எண்ணிக்கையைக் காட்டித்தான் விளம்பரம் வாங்குவோம். ஃபீட் வந்ததும் ஆட்கள் சைட்டுக்கு வருவது குறைந்தது. செய்தி முழுசாக வீட்டுக்கே போய் விழும்போது கடைக்கு யார் வருவார்கள்? சில சைட்டுகள் எங்கள் செய்தியை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டு, அதன் ஓரத்தில் அவர்களுடைய விளம்பரத்தை வைத்துக்கொண்டன. உழைப்பு எங்களுடையது, பலன் அவர்களுக்கு.

வரதன் சார் நாள்காட்டித் தாளில் மூன்று வழி எழுதினார். முழுச் செய்தியும் வேண்டும் என்பவர்களிடம் மாதச் சந்தா வாங்குவது ஒன்று. யாரும் தரமாட்டார்கள் என்று அவரே அடித்துவிட்டார். செய்தியை முழுசாக விட்டு அதன் அடியிலேயே விளம்பர வரியைச் சேர்த்து அனுப்புவது இன்னொன்று. மூன்றாவது, செய்தியின் தொடக்கத்தை மட்டும் அனுப்பி, மிச்சத்தைப் படிக்க எங்கள் சைட்டுக்கு வரவைப்பது. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்யலாம் என்று முடிவு செய்தார். செய்தியில் முதல் முந்நூற்று ஐம்பது எழுத்து, அதற்குக் கீழே ஒரு விளம்பர வரி, அதற்கும் கீழே 'முழுதும் படிக்க'.

அதற்கான புரோகிராமை அவரே எழுதினார். அதில் ஒரு நயம் வைத்தார். முந்நூற்று ஐம்பதாவது எழுத்து ஒரு சொல்லின் நடுவில் விழுந்தால், அந்தச் சொல்லை உடைக்காமல் அதற்கு முந்தின சொல்லோடு நிறுத்திவிடும். "பாதி வார்த்தை தொங்கக் கூடாது மணி, படிக்கிறவங்களுக்கு மரியாதை இல்ல" என்றார். எந்த வரி எந்தச் செய்தியோடு போனது என்று விளம்பரக்காரருக்குக் காட்டுவதற்காக, ஃபீடில் போகும் ஒவ்வொன்றையும் போன மாதிரியே ஒரு நகல் எடுத்து வைக்கும்படியும் செய்தார்.

அவர் கண்ணில் படாமல் போனது ஒன்று உண்டு. அந்தப் புரோகிராம் எண்ணியது எழுத்தை அல்ல, கம்ப்யூட்டருக்குள் அந்த எழுத்து அடைத்துக்கொள்கிற இடத்தை. இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கு ஓர் இடம். தமிழில் 'க' என்றால் மூன்று இடம், 'கா' என்றால் ஆறு. ஆகவே தமிழில் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே வெட்டிவிடும். வெட்டு சீக்கிரம் விழுகிறது என்று தெரிந்ததும் சார் சிரித்தார். "நல்லதாப் போச்சு. இன்னும் ஆவலா உள்ள வருவாங்க" என்றார். நானும் சிரித்தேன்.

அணுபுரத்திலிருந்து ஒரு சார் போன் செய்தார். "என்ன சார் இது, 'வேடந்தாங்கலுக்கு இந்த ஆண்டு பறவைகள் எதிர்பார்த்த அளவு'ன்னு நிக்குது. வந்துச்சா, வரலையா? என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா."

"சைட்ல முழுசா இருக்கு சார், கிளிக் பண்ணிப் பாருங்க" என்றேன்.

"கிளிக் பண்ணித்தான் பார்த்தேன். வரலையாம். அதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? தமிழ்ல எல்லாமே கடைசியிலதான்யா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதை நான் வரதன் சாரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். "பார்த்தீங்களா, கிளிக் பண்ணிட்டாரு" என்று அவர் சந்தோஷப்பட்டார். அந்த மனுஷர் சொன்ன கடைசி வாக்கியத்தை நாங்கள் இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

கடல் செய்திக்கு அடியில் தன் வரியைப் போட வேண்டும் என்று கேட்டு வந்தவர் ஈசிஆர் கடற்கரைச் சாலையில் மனை விற்பவர். அதிகம் பேர் படிப்பது அதைத்தான் என்று அவருக்குத் தெரியும். இங்கிலீஷில் என்னவோ நீளமாக எழுதிக்கொண்டு வந்தார். அதைச் சுருக்கித் தமிழில் எழுதியது நான். 'இதுவே நல்ல நேரம். கடலோர மனைகள் விற்பனைக்கு.' அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்த்தோம். அன்றைய கடல் செய்தியைப் போட்டோம். 'நாளை விடியற்காலை முதல் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் வரையுள்ள ஊர்களின் மீனவர்கள் கடலுக்குச் செல்லலாம்.' அதோடு அழகாக நின்றது. அடியில் மனை வரி. வரதன் சார் கையெழுத்துப் போட்டார்.

'செல்லலாம்' என்பது ஒரே சொல். 'செல்ல வேண்டாம்' என்பது இரண்டு சொல். நல்ல நாளில் சோதித்தோம், கெட்ட நாளின் வாக்கியத்தைப் போட்டுப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு இதற்கு மேல் ஒரு விளக்கம் இல்லை.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஐப்பசி மாதம். ஒருநாள் ஃபேக்ஸில் எச்சரிக்கை வந்தது. வழக்கம் போல எழுதினேன், வாய்விட்டுப் படித்தேன், கையெழுத்து வாங்கினேன், நாலரை மணிக்கு விட்டேன். என் திரையில் இருந்தது நான் அடித்த முழுச் செய்தி. ஃபீடில் போய் விழுந்தது எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. வெட்டு வைத்த பிறகு ஃபீடைத் திறந்து பார்க்கும் வழக்கத்தை விட்டிருந்தேன். எல்லாம் தானாகப் போகிறதே என்று.

மறுநாள் காலை எட்டரைக்கு ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, காத்து கெட்டுக் கெடக்குது இங்க. நீ நல்ல நேரம்னு போட்டியே?"

"நான் போக வேணாம்னுதானேம்மா போட்டேன்."

பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. சரோஜா திரையைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். மற்றக் கூடங்களில் விளம்பரம் வேறு நிறத்தில் தனியாகத் தெரியும். இந்தக் கூடத்தில் இருந்தது பழைய கம்ப்யூட்டர். அதில் படம், நிறம், பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஒன்றும் வராது. எல்லாம் ஒரே ஓட்டமாக வரும்.

"...கடப்பாக்கம் வரையுள்ள ஊர்களின் மீனவர்கள் கடலுக்குச் செல்ல இதுவே நல்ல நேரம்."

"அப்புறம் மனை கினைன்னு ஏதோ கீது. அது விளம்பரம்னு விட்டுட்டேன். இதைத்தான் நேத்து படிச்சேன்" என்றாள். "ரெண்டு தபா படிச்சேன்ணா. ரெண்டு நாளா போவல, எல்லாரும் காத்துகினு இருந்தாங்க."

"எத்தினி போட்டு போயிருக்கு?"

"ஆறு. எங்கூட்டுக்காரரும் என் தம்பியும் ஒரே போட்டுல."

நான் போனை வைத்துவிட்டு, முதல் வேலையாக அந்தச் செய்தியைத் திருத்தினேன். 'வேண்டாம்' தெரியும்படி வாக்கியத்தைச் சுருக்கி, விளம்பரத்தை எடுத்துவிட்டு, மறுபடி விட்டேன். அப்புறம் மீன்துறை ஆபீசுக்கும் போலீசுக்கும் போன் செய்தேன். எது முதல், எது பின் என்று நிதானிக்கவில்லை. கை தெரிந்த வேலையைச் செய்தது.

மதியத்துக்குள் ஐந்து போட்டு கரை சேர்ந்தன. ஆறாவது முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்திருந்தது. சரோஜாவின் வீட்டுக்காரர் ஏழுமலை ஒரு காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து, சாயங்காலம் இன்னொரு ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டுத் தப்பித்தார். கால் எலும்பு முறிந்திருந்தது. தம்பி கன்னியப்பன் இரண்டு நாள் கழித்து ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் கரை ஒதுங்கினான். இருபத்தாறு வயது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

சாவுக்குப் போனேன். பந்தலில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். நான் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அங்கேதான் கேட்டேன்.

"எழுதினது ஒன்னு, இவ படிச்சது ஒன்னு. தலைவரு போய் கம்ப்யூட்டர்ல பாத்துட்டாரு. 'செல்ல வேண்டாம்'னு பளிச்சுனு கீது."

"எட்டாங்கிளாசு படிச்சவ கையில மைக்கைக் குடுத்தா?"

"பெருமை. கம்ப்யூட்டரு படிச்ச பெருமை. பொறந்தவனையே அனுப்பி வெச்சிட்டா."

அன்றைக்குக் காலையில் நான் பதறித் திருத்தியதுதான் தலைவர் பார்த்தது. ஃபீடில் ஒரு செய்தியைத் திருத்தினால் பழையதன் மேலேயே புதியது போய் உட்கார்ந்துகொள்ளும். பழையது இருந்த சுவடே இருக்காது. அவள் படித்தது ஊருக்குள் எங்கேயும் இல்லை.

சரோஜா உள்ளே பெண்களோடு இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வாசல் வரை வந்தாள். அழுது தீர்ந்த முகம். "அண்ணா, நான் தப்பாப் படிச்சிட்டேனா? அன்னிக்குக் காலையில உங்கிட்ட போன்ல படிச்சனே, அப்பவும் தப்பாப் படிச்சனா? இப்ப பாத்தா வேற மாதிரி கீதே. எனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா, புத்தி கெட்டுப் போச்சா?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகளே, நான் சொல்லவில்லை. "அப்புறம் பேசலாம்மா" என்றேன். பயம். சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்துப் பயம், வேலை போய்விடும் என்று பயம். நீங்கள் இரண்டு பேரும் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். உங்களைக் காரணம் காட்டி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அப்படி இரண்டு நாள் போயிற்று. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காலை வரதன் சார் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், அந்தப் பொண்ணு படிச்சது சரி. நாம அனுப்பினதுதான் தப்பு. போய்ச் சொல்லணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போகிறார், வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துடைக்கவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டார்.

"நம்ம கிட்ட என்ன இருக்கு, காட்டறதுக்கு?"

"விளம்பரக்காரருக்கு எடுத்து வெக்கிற நகல் இருக்கு சார். போனது போன மாதிரியே இருக்கு. நாள், மணி எல்லாம்."

அதைத் திறந்து நிறைய நேரம் பார்த்தார். செய்தியையும் வரியையும் ஒரே ஓட்டமாகச் சேர்த்து அவர் படிப்பது அதுதான் முதல் தடவை என்று உதடு அசைவதில் தெரிந்தது. "நான் வார்த்தை உடையக் கூடாதுன்னு பார்த்தேன் மணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு அச்செடுக்கச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "நீங்க தனியாப் போகாதீங்க. வெட்டு வெச்சது நான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு போகலாமே என்று எங்கள் ஆபீசில் கணக்கு எழுதுபவர் சொன்னார். அதற்குத்தான் கண்ணாடியைத் துடைத்தார்.

கூடத்தில் ஊர்த் தலைவர், இருபது முப்பது ஆண்கள், வாசலில் பெண்கள். ஏழுமலையைக் கட்டுப் போட்ட காலோடு கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அச்செடுத்த தாளைத் தலைவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீயே படி" என்றார்.

"நான் படிக்கக் கூடாதுங்க. சரோஜா படிக்கட்டும்."

அவள் வந்தாள். மைக் இல்லாமல் படித்தாள். சில நாளைக்கு முன்னால் ஊரே கேட்ட அதே வாக்கியம், அதே ஓட்டம். 'நல்ல நேரம்' என்ற இடத்தில் நிறுத்தி, தாளைத் தலைவரிடம் நீட்டினாள். ஆண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது நாங்க அனுப்பினது. இந்தப் பொண்ணு ஒரு எழுத்துகூடத் தப்பாப் படிக்கல. 'வேண்டாம்'ங்கற வார்த்தையை எங்க மிஷின் வெட்டிடுச்சு. வெட்டுற மாதிரி எழுதினது நான்" என்றார் வரதன் சார்.

"விளம்பர வரி எழுதினது நான். அனுப்பினதைத் திறந்து பார்க்காம விட்டதும் நான். மறுநாள் திருத்தினதும் நான்தான். அதனாலதான் நீங்க பார்த்தப்ப வேற மாதிரி இருந்துச்சு" என்றேன்.

யாரோ ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஓர் இளவட்டம் என் சட்டையைப் பிடித்தான். "வுடுறா டேய்" என்று ஏழுமலை கட்டிலிலிருந்து சத்தம் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன்யா, இம்மா நீட்டு ஊர்ப் பேரெல்லாம் வரிசையா சொல்லிகினு வந்து, வேணாங்கறதைக் கடைசியில சொல்லுவியா? எங்கூட்டுல இவ என்னைக் குடிக்க வேணாங்கறப்போ, வேணாம்னுதான்யா மொதல்ல சொல்லுவா. அப்பால காரணம் சொல்லுவா. காரணம் கேக்க நான் நிக்கமாட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

தலைவர் தாளை மடித்து, "தப்பு இவ மேல இல்ல. இனிமே எவனாவது பேசினா எங்கிட்ட வரட்டும்" என்றார். பந்தலில் பேசிய ஆள் தலை குனிந்து நின்றிருந்தார். சரோஜா அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"நீ வந்து சொன்னதால என் தம்பி வரப்போறதில்ல."

"இல்லம்மா."

"அன்னிக்கே வாசல்ல கேட்டனே, அன்னிக்கே சொல்லியிருக்கலாம். ரெண்டு நாளு நான் நானா இல்ல."

"ஆமாம்மா" என்றேன்.

அந்தக் குடும்பத்துக்குக் கம்பெனி செய்ததை இங்கே எழுதமாட்டேன். எது செய்திருந்தாலும் போதாது. மனைக்காரர் விளம்பரத்தை எடுத்துக்கொண்டார். கடல் செய்தியில் இனி ஒரு விளம்பர வரியும் கிடையாது, ஒரு எழுத்தும் வெட்டக் கூடாது என்று வரதன் சார் நாள்காட்டித் தாளில் எழுதி என் மேஜைக்கு எதிரில் ஒட்டினார். ஆட்கள் அதிகம் படித்ததும், விளம்பரக்காரர்கள் அதிகம் கேட்டதும் அதைத்தான். அதை விட்டுவிட்டு மற்றச் செய்திகளை வைத்து ஓட்டிப் பார்த்தார். மூன்று வருஷம் ஓடியது. பிறகு மூடினார். நான் மறுபடியும் அச்சகத்துக்கு வந்தேன், அங்கிருந்து ஓய்வு பெற்றேன். அவர் ஒரு நாளும் அதை ஒரு தியாகம் மாதிரிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

தேனு, உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். விளம்பரம் மேலேயா கீழேயா என்று உங்கள் டீமில் பேசும்போது, அதற்கு முந்தின வரி எங்கே முடிகிறது என்று ஒருத்தராவது கேளுங்கள். அதைத் தமிழில் போட்டுப் பாருங்கள். நல்ல நாளின் செய்தியைப் போட்டுப் பார்க்காதீர்கள். அதுவும் போதாது. விளம்பரத்தோடு சேர்த்து, முன்பின் தெரியாத ஒருத்தரை விட்டு, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு கடல் செய்தியை ஏழுமலை சொன்ன மாதிரியே எழுத ஆரம்பித்தேன். முதல் சொல் 'வேண்டாம்.' அதற்கு ஒரு புள்ளி. பிறகு யாருக்கு, எங்கே, ஏன் என்று. இலக்கணத்துக்கு முன்பின் ஆகிறதே என்று கணக்கு எழுதுபவர் கேட்டார். ஆகட்டும் என்றேன். நாலே முக்காலுக்குச் சரோஜாவுக்குப் போன் செய்து, வந்ததை அவள் வாயால் படிக்கக் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பேன்.

தம்பி காரியம் முடிந்து ஒரு மாதம் வரை அவள் மைக்கைத் தொடவில்லை. தலைவரே தட்டுத் தடுமாறிப் படித்தார். பிறகு ஒருநாள் போனில் அவள் குரல் கேட்டது. செய்தியை மட்டும் படித்துவிட்டு வைத்தாள்.

அவள் திரும்பி வந்த பிறகு முதல் எச்சரிக்கை கார்த்திகையில் வந்தது. அனுப்பினேன். "வேண்டாம்" என்று தொடங்கி முழுதும் படித்தாள். மறுநாள் ஒரு போட்டும் இறங்கவில்லை. ஆனால் காற்று வரவில்லை. வானிலை ஆபீஸ் சொன்ன காற்று எங்கேயோ வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. கடல் குளம் மாதிரிக் கிடந்ததாம். ஒரு நாள் பிழைப்பு போச்சு என்று ஊரே திட்டப் போகிறது, அவளைத்தான் மறுபடி கேட்பார்கள் என்று காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் நானே போன் செய்தேன்.

"காத்து வரலியேம்மா. ஊர்ல ஏதாவது பேசினாங்களா?"

"பேசாம என்ன? திட்டிகினு வலை தெச்சிகினு கீறாங்க. உன்னையும் சேத்துத்தான்."

"உன்னை ஏதாவது சொன்னாங்களா?"

"என்னை ஏன் சொல்லப் போறாங்க? வந்ததைத்தானே படிச்சேன்" என்றாள். உள்ளே யாரையோ அதட்டினாள். பிறகு, "நாலரைக்கு அனுப்பிடுண்ணா, லேட் பண்ணாத. எல்லாரும் கேட்டுகினு கீறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.